எஸ்ஆர்20 ஏத்தின கரோலாவுக்கு கம்மி பட்ஜெட்ல ரேடியேட்டர், ஃபேன்: ஒரு முழு கேஸ்

கார் டொயோட்டா கரோலா கேஇ70. கம்பெனியில இருந்து வந்தப்ப அதுல இருந்தது 4கே, 1290 சிசி கார்புரேட்டர் என்ஜின், சுமாரா 60 குதிரை. இப்ப அதுல உட்கார்ந்திருக்கறது நிசான் எஸ்13-ல வந்த எஸ்ஆர்20டிஇடி, 1998 சிசி டர்போ, கம்பெனி கணக்குல 205 பிஎஸ். என் நண்பன் இதை ஸ்வாப் முடிஞ்ச நிலையிலதான் வாங்கினான். என்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ், புரோப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் பழைய ஓனர் ஒழுங்கா பண்ணியிருந்தார், கூலிங் மட்டும் கடைசியில காசு தீர்ந்து போனப்ப பண்ண வேலைன்னு பார்த்தாலே தெரிஞ்சது.

கம்ப்ளைன்ட் இதுதான். நெடுஞ்சாலையில 100-ல போனா டெம்பரேச்சர் முள்ளு அசையவே அசையாது. ஏத்தத்துல ரெண்டாவது கியர்ல ஊர்ந்தா மெல்ல மேல ஏறும், ஏறினது இறங்காது, அப்புறம் சிக்னல்ல நின்னாலும் அங்கேயே நிக்கும். முன்னாடி இருந்தது 52 மிமீ தடிமன் முழு அலுமினிய ரேடியேட்டர், பளபளன்னு இருக்கும், அதுக்குப் பின்னாடி ரெண்டு 10 இன்ச் மெல்லிசு ஃபேன், ஃபின்னுக்குள்ள பிளாஸ்டிக் டை விட்டுக் கட்டியிருந்தது, ஷ்ரவுட் (ஃபேன் இழுக்கற காத்தை ரேடியேட்டர் முழுக்க வர வைக்கிற கூடு) கிடையாது. முன்னாடி இன்டர்கூலர், அதாவது டர்போ அழுத்தின காத்தை ஆத்தற இன்னொரு ரேடியேட்டர். ஏசி இல்ல. நண்பன் கேட்ட கேள்வி: "இன்னும் தடிமனா ஒண்ணு வாங்கிடட்டுமா, 70 மிமீ கிடைக்குதாம்?"

வாங்காதேன்னு சொன்னேன். ஏன்னு சொல்ற கதைதான் இந்த முழு ரைட்டப்.

ரேடியேட்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி என்ஜின் நல்லா இருக்கான்னு பார்க்கணும். ஹெட் கேஸ்கெட்டுக்கு பிளாக் டெஸ்ட் பண்ணோம், கூலன்ட்டுல எக்ஸாஸ்ட் கேஸ் இல்ல. இக்னிஷன் டைமிங் சரி. தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடானப்புறம் ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வு) கழட்டி வெந்நீர்ல போட்டா திறக்குது, இந்த என்ஜினுக்கு கம்பெனி போட்டது 76.5 டிகிரியில திறக்க ஆரம்பிக்கிற ஐட்டம், அதேதான் இருந்தது. ரேடியேட்டர் கேப் பழசு, ரப்பர் வெடிச்சிருந்தது, அதை உடனே மாத்தினோம். ஒரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு கொதிநிலை கிட்டத்தட்ட ஒன்றரை டிகிரி உயரும், அதனால அழுத்தம் பிடிக்காத கேப்போட ஓட்டினா கைக்கு வர வேண்டிய 20 டிகிரிக்கும் மேல சும்மா போயிடும். ஆனா கேப் மாத்தினா கொதிக்கிறது தள்ளிப்போகுமே தவிர சூடு குறையாது, முள்ளு பழையபடிதான் ஏறிச்சு.

அடுத்து ஏத்தத்துல ஊர்ந்துட்டு ஓரம் கட்டி, என்ஜினை ஆஃப் பண்ணாம ஆர்பிஎம் கொஞ்சம் தூக்கி வச்சுக்கிட்டு, ஐஆர் தெர்மாமீட்டர்ல மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் ரெண்டோட கழுத்தையும் அளந்தோம். மேல 106, கீழ 103, ரெண்டும் சேர்ந்து ஏறிக்கிட்டே இருக்கு. இந்த அளவு ரொம்ப முக்கியம். என்ஜின் சூடாகுது, ஆனா ரேடியேட்டருக்குள்ள போற தண்ணிக்கும் வெளிய வர்ற தண்ணிக்கும் பெரிய வித்தியாசமே இல்லைன்னா தண்ணி நல்லா ஓடுது, சூட்டை வாங்கிக்க காத்துதான் இல்லைன்னு அர்த்தம். அதுவே மேல 106, கீழ 75-ன்னு வந்திருந்தா ரேடியேட்டர் அதோட வேலையைப் பண்ணுது, தண்ணிதான் போதுமான அளவு சுத்தலைன்னு பம்ப், தெர்மோஸ்டாட், உறிஞ்சி நசுங்குற கீழ் ஹோஸ்னு தேடப் போயிருப்போம். இதைப் பார்க்காம நேரா பெரிய ரேடியேட்டர் வாங்குறவங்கதான் நிறைய.

அடுத்த டெஸ்ட்டுக்கு செலவே இல்ல. ரெண்டு ஃபேனும் ஓடுறப்ப கிரில் பக்கம் ஒரு டிஷ்யூ பேப்பரை பிடிச்சு கோர் (ரேடியேட்டர்ல டியூபும் ஃபின்னும் இருக்கற நடுப்பகுதி) முழுக்க நகர்த்திப் பாருங்க. ஃபேன் இருக்கற வட்டத்துல பேப்பர் ஒட்டிக்கிச்சு. நடுவுலயும் மூலைகள்லயும் ஒட்டலை, கீழ் மூலையில பேப்பர் வெளிப்பக்கமா பறந்துச்சு. அதாவது ஃபேன் பின்னாடி தள்ளின சூடான காத்து, ஃபேன் இல்லாத இடம் வழியா திரும்ப முன்னாடி வந்து, மறுபடி உள்ள போகுது. கோர் 550-க்கு 350 மிமீ, கிட்டத்தட்ட 0.19 சதுர மீட்டர். ரெண்டு 10 இன்ச் ஃபேனும் சேர்ந்து மூடறது 0.10. பாதி கோர் சும்மா இருக்கு, சும்மா இருந்தா பரவால்ல, காத்து திரும்பி ஓடுறதுக்கு ஓட்டையாவும் இருக்கு.

இப்ப கணக்கு. பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல்தான்.

205 குதிரைன்னா 150 கிலோவாட் சொச்சம். பெட்ரோல் என்ஜின்ல எரியிற எரிபொருளோட சக்தி கிட்டத்தட்ட மூணா பிரியும், ஒரு பங்கு சக்கரத்துக்கு, ஒரு பங்கு எக்ஸாஸ்ட்டுல, ஒரு பங்கு கூலன்ட்டுல. அப்போ ஃபுல் த்ராட்டில்ல 100 கிலோவாட்டுக்கு மேல கூலன்ட்டுக்குப் போகும்னு பார்த்து பயந்துதான் எல்லாரும் தடிமன் ரேடியேட்டர் வாங்குறாங்க. ஆனா ரோட்டுல யாரு ஃபுல் த்ராட்டில்ல நிமிஷக்கணக்கா நிக்கறா? சில செகண்டு, அவ்வளவுதான், அந்த நேரத்துல இருக்கற தண்ணியும் இரும்பும் அலுமினியமும் சூட்டை வாங்கி வச்சுக்கும். அப்படிப் போறப்ப வண்டி வேகத்துல முன்னாடி இருந்து காத்தும் வரும்.

ஐடில்ல பாருங்க. மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோல்னு வச்சாலும் மொத்தமே 9 கிலோவாட், அதுல மூணுல ஒண்ணு 3 கிலோவாட். ஒரு வீட்டு கெய்சர் அளவு. இதை எந்த ஃபேனும் சமாளிக்கும். அதனால "ஐடில்ல நிறுத்தி வச்சேன், சூடாகல, ஃபேன் ஓகே"ன்னு முடிவு பண்றது தப்பு. நடுவுல இருக்கறதுதான் கொல்லுற நிலைமை: ஏத்தத்துல, ஆள் ஏத்திக்கிட்டு, 25 கிமீ வேகம். ஆளோட சேர்த்து 1200 கிலோ, 10 சதவீத ஏத்தம், ஏறுறதுக்கு மட்டும் 8 கிலோவாட், டயர் உருளுறது, கியர்பாக்ஸ் நஷ்டம் எல்லாம் சேர்த்தா என்ஜின் ஒரு 11 கிலோவாட் தரணும். பார்ட் லோடுல கூலன்ட்டுக்குப் போற பங்கு இன்னும் கூடும், ஒரு 15-ன்னு வச்சுக்கிட்டேன். வெளிய 40 டிகிரி, ரேடியேட்டரைத் தாண்டி வர்ற காத்து 70 டிகிரி, அதாவது 30 டிகிரி ஏற்றம். 15 கிலோவாட்டை 30 டிகிரியால வகுத்தா செகண்டுக்கு அரை கிலோ காத்து வேணும். 40 டிகிரி காத்து ஒரு கன மீட்டர் 1.13 கிலோ எடை, அதனால 0.44 கன மீட்டர். ஃபேன் பாஷையில சுமார் 930 சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்து.

நண்பன் இதைக் கேட்டதும் சிரிச்சான். "என் ஃபேன் ஒவ்வொண்ணும் 1600 சிஎஃப்எம்னு டப்பாவுல போட்டிருக்கே, ரெண்டு சேர்ந்தா 3200!"

அந்த நம்பர் முன்னாடி எந்தத் தடையும் இல்லாம, வெட்டவெளியில ஃபேனை ஓடவிட்டு எழுதுறது, அதுவும் நேர்மையா எழுதினா. கோரும் இன்டர்கூலரும் சேர்ந்து குடுக்கற தடைக்கு எதிரா எவ்வளவு தள்ளும்னு எங்கயும் எழுத மாட்டாங்க. ஆனா ஒரு குறுக்கு வழி இருக்கு: ஃபேன் எத்தனை வாட் இழுக்குதுன்னு பாருங்க. காத்தை நகர்த்துற சக்தின்னா அழுத்தத்தையும் கொள்ளளவையும் பெருக்குறதுதான், அது ஃபேன் இழுக்கற கரன்ட்டைத் தாண்ட முடியாது. கிளாம்ப் மீட்டர் போட்டோம், ஒவ்வொரு ஃபேனும் 6 ஆம்பியர், சுமார் 80 வாட். ரெண்டும் சேர்ந்து 160. மோட்டார், பிளேடு நஷ்டம் போக மூணுல ஒரு பங்கு காத்துக்குப் போகுதுன்னு தாராளமாவே வச்சா 53 வாட். தடையை 150 பாஸ்கல்னு எடுத்தா 53-ஐ 150-ஆல வகுத்து செகண்டுக்கு 0.353 கன மீட்டர், அதாவது 750 சிஎஃப்எம். டப்பாவுல 3200. இந்த 750-லயும் ஒரு பங்கு மூலை வழியா திரும்ப முன்னாடி ஓடி வருது. தேவை 930. முள்ளு ஏன் ஏறுதுன்னு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அப்போ வாட்டை ஏத்திட்டா போதுமான்னா அதுவும் இல்ல. அதே தடைக்கு எதிரா காத்து ரெண்டு மடங்கு வேணும்னா சக்தி எட்டு மடங்கு வேணும். 160 வாட்டுல இருந்து 400 வாட்டுக்குப் போனா, ரெண்டரை மடங்கு சக்தி, காத்து கூடறது 1.36 மடங்குதான். 750 வந்து 1020 ஆகும். தாண்டிட்டோம், ஆனா மூச்சைப் பிடிச்சுக்கிட்டுதான் தாண்டியிருக்கோம். மீதி லாபம் தடையைக் குறைக்கறதுலயும், காத்து திரும்பி ஓடறதை நிறுத்தறதுலயும்தான் வரணும், அந்த ரெண்டுக்கும் வாட் தேவையில்ல. கம்மி பட்ஜெட்னு சொல்றவங்க இந்த இடத்துலதான் காசைப் போடணும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

52 மிமீ கோரோட பிரச்சனை என்னன்னா, முன் பாதியைத் தாண்டுறப்பவே காத்து நல்லா சூடாயிடும், பின் பாதிக்கு வேலையே பெருசா இல்ல, ஆனா தடை மட்டும் முழுசா இருக்கும். ட்ராக்ல 150 கிமீல காத்து தள்ளிக்கிட்டு வர்றப்ப தடிமன் உதவும், 80 வாட் ஃபேனுக்கு அது எதிரி. இன்னொண்ணு யாரும் யோசிக்காதது: இந்தக் கார்ல ரேடியேட்டர் மாட்டுற சப்போர்ட்டுக்கும் வாட்டர் பம்ப் புல்லிக்கும் நடுவுல மொத்தமே 125 மிமீ. எஸ்13-ல இந்த என்ஜினுக்கு வாட்டர் பம்ப்ல விஸ்கஸ் கிளட்ச் ஃபேன் (கரன்ட் இல்லாம என்ஜினே சுத்தற ஃபேன்) வரும், இங்க அதுக்கு இடம் கிடையாது. கோர் 52-ஐத் தின்னுடுச்சுன்னா மீதி 73-ல மெல்லிசு ஃபேனைத் தவிர வேற எதுவும் நுழையாது. 26 மிமீ கோர் போட்டா 99 மிமீ கிடைக்கும், அதுல ஒரு நிஜமான கம்பெனி ஃபேன் ஷ்ரவுட்டோட உட்காரும். ரேடியேட்டர் தடிமன்ல விட்டுக்குடுத்த இடம் ஃபேனுக்குப் போகுது, இந்த பேரத்துல எப்பவும் ஃபேன் பக்கம்தான் நிக்கணும்.

தேடினது இப்படி: 2 லிட்டர், 2.4 லிட்டர் முன்சக்கர செடான், ஆட்டோமேட்டிக், ஏசியோட வந்தது, ரேடியேட்டர் கோர் அகலம் 600, உயரம் 400 சுத்தி, ரெண்டு ஃபேனும் ஒரே ஷ்ரவுட்டுல. அந்த மாதிரி காருக்கு ரீப்ளேஸ்மென்ட் ரேடியேட்டர் புதுசாவே கிடைக்கும், அலுமினிய கோர், பிளாஸ்டிக் டேங்க், நிறைய விக்கிற ஐட்டம்கறதால விலை கம்மி. ஃபேன் செட் பழைய வண்டி உடைக்கிற இடத்துல எடுத்தது. பிளாஸ்டிக் டேங்க்னா சிலர் மூக்கைச் சுளிப்பாங்க. கோடிக்கணக்கான கார் அதுலதான் ஓடுது. விலை மலிவான முழு அலுமினியத்துல டியூப் ஹெட்டரோட சேர்ற இடத்துல வெல்டு சரியில்லாம எபாக்ஸி பூசி மறைச்சிருப்பாங்க, நேரா போல்ட் போட்டு பாடியில இறுக்கினா அதிர்வுல அந்த இடத்துலதான் விரியும். கம்பெனி ரேடியேட்டர் ரப்பர் புஷ்ல மிதந்துக்கிட்டு இருக்கும், அந்த புஷ்ஷையும் சேர்த்து வாங்குங்க. ஆட்டோமேட்டிக் ரேடியேட்டர்ல கீழ் டேங்க்குள்ள கியர் ஆயில் கூலர் இருக்கும், மேனுவல் வண்டியில அந்த நிப்பிள் ரெண்டுக்கும் ரப்பர் மூடி போட்டா முடிஞ்சது, தண்ணியோட அதுக்கு சம்பந்தம் இல்ல.

முகப்பு பரப்பு 0.19-ல இருந்து 0.24 ஆச்சு. தடிமன் பாதியாச்சு. கேட்டா சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும், கையில பிடிச்சா லேசா இருக்கும், நண்பனுக்கு மனசே ஆறலை. பழசுதான் பார்க்க கெத்தா இருக்கும், ஒத்துக்கறேன்.

ஷ்ரவுட் பத்தி ஒரு வார்த்தை. ஃபேனுக்கும் கோருக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருந்தாதான் மூலையில இருந்தும் காத்து வரும், கோர்லயே ஒட்டின தகடு ஷ்ரவுட் இல்ல, வெறும் மூடி. வேகமா போறப்ப ஃபேன் வழியா போக முடியாத காத்து வெளியேறுறதுக்கு ஷ்ரவுட்டுல ரப்பர் கதவு இருந்தா நல்லது, நாங்க எடுத்த செட்ல இருந்தது, இல்லைன்னா பழைய மட்கார்டு ரப்பரை வெட்டிப் போடலாம். அப்புறம் ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற எல்லா இடுக்கையும் ஃபோம் ஸ்ட்ரிப்பால அடைச்சோம், மேல அலுமினியத் தகடு ஒண்ணு, இன்டர்கூலரோட ரெண்டு பக்கமும் தகடு. காத்துக்கு கோரைத் தவிர வேற வழி இருந்தா அது அந்த வழியிலதான் போகும். இந்த முழு வேலைக்கும் ஆனது சில்லறைக் காசு, பலன் பாதி இங்கதான் வந்ததுன்னு நினைக்கிறேன்.

ஹோஸ், மவுண்ட் எல்லாம் வழக்கமான வெட்டு ஒட்டுதான். என்ஜின் ரப்பர் மவுண்ட்ல ஆடும், அதனால ஹோஸை இழுத்துப் பிடிச்ச மாதிரி போடாதீங்க. முக்கியமானது கூலன்ட்டுல சிக்கின காத்தை வெளிய எடுக்கறது: ரேடியேட்டர் தலையை விட என்ஜின் மேல இருந்தா காத்து என்ஜினுக்குள்ள தங்கிடும், நீங்க எவ்வளவு நல்ல ஃபேன் போட்டாலும் ஹெட்ல ஒரு இடம் கொதிச்சுக்கிட்டே இருக்கும். எஸ்ஆர்20-ல இன்டேக் மேனிஃபோல்டு பக்கம் ஒரு ப்ளீடர் போல்ட் இருக்கு, அதைத் திறந்து வச்சு குமிழ் நிக்கற வரைக்கும் ஊத்தணும். வேற என்ஜின் ஏத்தறவங்க அதோட வழியைத் தெரிஞ்சுக்குங்க, ஜிஎம் எல்எஸ் என்ஜின்ல ஹெட்ல இருந்து வர்ற ஸ்டீம் வென்ட் குழாயை அடைச்சு வச்சிட்டு ரேடியேட்டரைத் திட்டறவங்க இருக்காங்க. கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி. தெர்மோஸ்டாட்டை எடுத்துடுன்னு யாராவது சொன்னா கேட்காதீங்க, அது திறந்தப்புறம் தடுக்கற அளவு கம்மி, என்ஜின் சூடாகாம ஓடறது இன்னொரு தலைவலி.

வயரிங்ல அவசரப்படக்கூடாது. 400 வாட்னா 13.5 வோல்ட்டுல 30 ஆம்பியர், ஸ்டார்ட் ஆகற நொடியில அதுக்கு ரெண்டு மூணு மடங்கு. பழைய ஓனர் ரெண்டு ஃபேனையும் ஒரே ரிலேல, 2.5 சதுர மிமீ வயர்ல ஓட்டியிருந்தார், அந்த சின்ன ஃபேனுக்கு அது ஓடும். 30 ஆம்பியருக்கு மூணு மீட்டர் ஓடினா பாசிட்டிவ் பக்கம் மட்டும் 0.6 வோல்ட்டுக்கு மேல விழும், எர்த்தும் அதே மாதிரி இருந்தா ஒரு வோல்ட்டைத் தாண்டிடும். வோல்ட் குறைஞ்சா வேகம் குறையும், கஷ்டப்பட்டு வாங்கின காத்து வயர்ல போயிடும். இப்ப மெயின் லைன் 6 சதுர மிமீ, ஒவ்வொரு ஃபேனுக்கும் தனி 30 ஆம்பியர் ஃபியூஸ், தனி 40 ஆம்பியர் ரிலே, எர்த் அதே தடிமன்ல பேட்டரி வரைக்கும். மெயின் ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், ஃபேனுக்குப் பக்கத்துல வச்சா நடுவுல வயர் உரசினா காப்பாத்த யாரும் இல்ல.

ரெண்டு ஸ்பீடுக்கு தனி கன்ட்ரோலர் வாங்கல. ரெண்டு ஃபேனையும் சீரியஸ்ல போட்டா ஒவ்வொண்ணுக்கும் பாதி வோல்ட், மெதுவா அமைதியா ஓடும், அதுதான் லோ. சூடு கூடினா மூணாவது ரிலே, அஞ்சு பின் சேஞ்சோவர், ரெண்டையும் பேரலலா மாத்திடும், அது ஹை. நிறைய கம்பெனி கார்ல இதே ஏற்பாடுதான். ஸ்விட்ச் புள்ளி: என்ஜின்ல இருந்து வெளிய வர்ற தண்ணியில அளந்து லோ 88-ல, ஹை 95-ல. தெர்மோஸ்டாட் முழுசா திறக்கறதுக்கு முன்னாடியே ஃபேன் ஆரம்பிக்கற மாதிரி வச்சா அது நிக்கவே நிக்காது, ஐடில்ல ஆல்டர்னேட்டர் ஸ்டிக்கர்ல இருக்கற ஆம்பியரைத் தராதுங்கறதால ராத்திரி ஹெட்லைட்டோட பேட்டரியைத் தின்னும்.

முடிவு: அதே ஏத்தம், அதே ஆளுங்க, பழைய டெஸ்ட் மாதிரியே வெயில் நேரம். முள்ளு 95 வரைக்கும் போச்சு, ஹை ஸ்பீடு ஓட ஆரம்பிச்சதும் 91-க்கு இறங்கி அங்கேயே நின்னுச்சு. மேல் ஹோஸ் கீழ் ஹோஸ் வித்தியாசம் 5 டிகிரி. டிஷ்யூ பேப்பர் நாலு மூலையிலயும் கிரில் பக்கம் இழுத்து ஒட்டிக்குது. ஐடில்ல லோ மட்டும் விட்டு விட்டு ஓடுது. நெடுஞ்சாலையில ஃபேனே போடறதில்ல, போடத் தேவையும் இல்ல, 100 கிமீ வேகத்துல கோர் வழியா காத்து செகண்டுக்கு 4 மீட்டர் போனாலே ஃபேன் தர்றதை விட ரெண்டு மடங்கு ஆகிடும்.

இது ட்ராக் கார் ஆகலை, அதையும் சொல்லிடறேன். லேப் முழுக்க பூஸ்ட்ல ஓட்டினா இந்த 26 மிமீ கோர் பத்தாது, அப்ப ஆயில் கூலரும் தடிமன் கோரும் பேசலாம், முன்னாடி இருந்து காத்து இருக்கும். நண்பன் இப்ப ஏசி வேணும்கறான். கன்டென்சர் முன்னாடி வந்தா தடை கூடும், அது தன் பங்குக்கு சில கிலோவாட் சூட்டையும் அதே காத்துல போடும், ரேடியேட்டருக்கு வர்ற காத்து 40 டிகிரியில வராது. நல்ல வேளை ஃபேன் செட் ஏசி கார்ல இருந்து வந்தது. ஏசி ஆன் ஆனா லோ கட்டாயம் ஓடற மாதிரி ஒரு வயர் கூட்டணும், ஹை புள்ளியை 95-ல இருந்து 92-க்கு இறக்கணும், அப்புறம் அதே ஏத்தத்துல திரும்ப அளக்கணும்.